மூன்று முகடும் ஒரு பனித்துகளும்

ஒக்டோபர் 9

மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருக்கும் அந்தக் கராஜில் காலை எட்டு மணியிலிருந்தே தொலைபேசி ஓயவில்லை. முந்தின இரவு வெப்பநிலை நான்கு பாகைக்கு இறங்கியிருந்தது. தெருவோர மேப்பிள் மரங்கள் பாதிதான் சிவந்திருக்கின்றன, பனி விழ இன்னும் பல வாரங்கள் கிடக்கின்றன. ஆனாலும் அழைக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: விண்டர் டயர் எப்போது மாட்டுவது?

கராஜின் உரிமையாளர் யாழ்ப்பாணத்தில் தொழில் படித்தவர். இங்கே வருகிற தமிழர் எல்லாருக்கும் அவர் 'அண்ணை'. கண்ணாடிக் கதவில் பிரெஞ்சிலும் தமிழிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: "காலமை ஏழு பாகைக்குக் கீழை இறங்கினால் வாங்கோ. ஸ்னோவைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ."

ஏழு பாகை என்பது சட்டம் வகுத்த எண் அல்ல. டயர்த் தொழிலில் இருப்பவர்கள் அனுபவத்தில் வைத்துக்கொண்ட கணக்கு. கோடை டயரின் றப்பர், சூடான தாரில் இளகிவிடக்கூடாது என்று கெட்டியாகக் கலக்கப்பட்டது. குளிர் கூடக் கூட அது விறைக்கிறது. விறைத்த றப்பரால் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்க முடியாது. குளிர்கால டயரில் இயற்கை றப்பரின் பங்கும் சிலிக்காவின் பங்கும் அதிகம். இயற்கை றப்பர் முற்றாக இறுகிப்போக, மைனஸ் 70 பாகை அளவுக்குக் குளிர வேண்டும். றப்பர் மரம் ஆசியாவில் முதலில் வேர்விட்ட இடங்களில் ஒன்று இலங்கையின் ஹெனரத்கொட தாவரத் தோட்டம். பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுபோன விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, 1876இல் அங்கே அனுப்பினார்கள். வெப்ப நாட்டு மரத்தின் பால்தான் இந்த ஊரின் உறைந்த சாலைகளில் காரை நிறுத்துகிறது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

குளிரில் றப்பர் விறைப்பதை விளக்க அண்ணை வார்த்தைகளை நம்புவதில்லை. றப்பரின் கெட்டியை அளக்கும், வட்ட முகப்பும் ஊசியும் உள்ள சிறு கடினமானியை எடுத்து, வாசலில் குளிர்ந்து கிடந்த கோடை டயரில் அழுத்தினார். ஊசி 68இல் நின்றது. பக்கத்தில் கிடந்த புதுக் குளிர்கால டயரில் அழுத்தினார். 52. "இப்ப நகத்தாலை அமத்திப் பாருங்கோ" என்றார். ஒன்றில் நகம் பதிந்தது, மற்றதில் பதியவில்லை.

ஒக்டோபர் 22

இன்று வந்தவர் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்புப் பணியாளர். வீடு லாவால் நகரில், வேலை மொன்றியலில். பத்து வயதுக் கொரோலா, நான்கு டயரும் தேய்ந்துவிட்டன. கையில் ஒரு தாளில் மூன்று கம்பனிகளின் பெயரை எழுதிக்கொண்டு வந்திருந்தார். எது நல்லது என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் அவருக்கு.

அண்ணை அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. "தங்கச்சி, நீங்கள் எத்தினை மணிக்கு வெளிக்கிடுறனீங்கள்?"

"விடிய அஞ்சரைக்கு அண்ணை. ஆறரைக்குக் கை மாத்தவேணும்."

"அப்ப றோட்டிலை உப்புப் போடுற வண்டி வரமுதல் நீங்கள் பாலத்திலை நிப்பீங்கள்."

டயர் வாங்குவதில் மற்ற எல்லாக் கேள்விக்கும் முந்தியது இதுதான். எந்த நேரத்தில், எந்தச் சாலையில் ஒருவர் பிரேக்கை அழுத்தப்போகிறார்? லாவாலுக்கும் மொன்றியலுக்கும் நடுவே ஓடுவது ரிவியேர் தே பிரேரி ஆறு. பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று போவதால், மண்மேல் கிடக்கும் சாலை ஈரமாக மட்டும் இருக்கும்போதே பாலத்தின் தளம் உறைந்துவிடும். ஆக இந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஆழமான பனியில் ஏறிப்போகும் டயர் அல்ல. மெல்லிய ஐஸில் நிற்கும் டயர்.

இந்த வேறுபாட்டைக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டதே இல்லை. டயரின் பக்கச்சுவரில் மூன்று முகடுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள் பொறித்த சின்னம் இருக்கும். அமெரிக்க, கனடிய றப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் 1999இல் கொண்டுவந்த குறி அது. அதைப் பெற, இறுகிய பனியில் ஒரு சோதனை. ஒப்பீட்டு டயரின் பிடிப்பை 100 என்று வைத்தால், சோதிக்கும் டயர் 110 அளவுக்கு மேல் வாங்க வேண்டும். அளப்பது, வண்டி முன்னோக்கி இழுக்கும்போது கிடைக்கும் பிடிப்பை. பிரேக் பிடிப்பதை அந்தச் சோதனை அளப்பதில்லை, வளைவில் திரும்புவதை அளப்பதில்லை, ஐஸை அது தொடுவதே இல்லை. சின்னம் உள்ள டயர் எல்லாம் ஒன்று என்று நினைத்து மலிவானதை எடுப்பவர், பனிக்கான சான்றிதழைக் கொண்டு ஐஸில் இறங்குகிறார். ஐரோப்பாவில் 2021 மே முதல் டயர் லேபிளில் ஐஸ் பிடிப்புக்கென்று தனிச் சின்னம் வந்திருக்கிறது. ஆணியில்லா டயருக்குக் கியூபெக் சட்டம் இன்னும் மலையையும் பனித்துகளையும் மட்டுமே கேட்கிறது. ஐஸ் பிடிப்பையும் அது கேட்க வேண்டும். விடிகாலையில் வேலைக்குப் போகிறவர்கள் இந்த நகரத்தில் கொஞ்சப்பேர் அல்லர்.

கடைசியில் அவர் எடுத்தது, ஐஸுக்கென்றே செய்த ஆணியில்லா டயர். அதிலும் அண்ணை ஒரு மாற்றம் சொன்னார். காரில் இருந்தது 205/55, 16 அங்குல ரிம். அதற்குப் பதில் 195/65, 15 அங்குல இரும்பு ரிம். சக்கரத்தின் மொத்த விட்டத்தில் மூன்று மில்லிமீற்றர்கூட வேறுபடாது, எனவே வேகமானி பிசகாது. ரிம் சிறிதானால் விலை குறையும். டயரின் அகலம் குறைந்தால் கரைந்த பனிச்சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். பக்கச்சுவர் உயரமானால் வசந்தத்தில் வாய்பிளக்கும் மொன்றியல் குழிகளில் ரிம் தப்பும். டயர்களைத் தனி ரிம்மிலேயே போட்டுவிட்டால், ஆண்டுக்கு இருமுறை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டும் கூலியும் மிச்சம்.

புது டயரை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு றப்பர்க் கட்டையிலும் வளைந்து வளைந்து ஓடும் மயிரிழைக் கீறல்கள். வண்டியின் பாரம் அழுத்தும்போது அவை விரிந்து, பனியைக் கவ்வும் விளிம்புகளாகின்றன, ஐஸின் மேலிருக்கும் நீரை வழித்தெடுக்கின்றன. இப்படிக் கீறல் போடும் முறைக்கு ஜோன் சைப் என்ற அமெரிக்கர் 1923இல் காப்புரிமை பெற்றார். பணியாளர் விரலால் அந்தக் கீறல்களை விரித்துப் பார்த்தார். "இவ்வளவு மெல்லிசா அண்ணை?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 4

தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்திருக்கும் இளைஞர் ஒருவர், இரண்டு பழைய டயர்களை வண்டியின் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தார். இணைய விளம்பரத்தில் பார்த்து வாங்கியவை. அவருடைய முதல் குளிர்காலம் இது. வாரக் கடைசியில் உணவு விநியோகம் செய்து கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார்.

"பட்டன் நல்லா இருக்கே அண்ணா! முன்னாடி ரெண்டுக்கும் இதைப் போட்டுட்டா போதாதா?"

பட்டன், அதாவது டயரின் வரிப்பதிவு, நன்றாகத்தான் இருந்தது. அண்ணை சட்டைப்பையிலிருந்து 25 சத நாணயம் ஒன்றை எடுத்தார். கனடாவின் அந்த நாணயத்தில் கரிபு மான் தலை இருக்கும். அதைத் தலைகீழாக வரிப்பள்ளத்தில் நிறுத்த வேண்டும். மானின் மூக்கு நுனி வெளியே தெரிந்தால் ஆழம் 4.8 மில்லிமீற்றருக்குக் கீழே போய்விட்டது, பனிக்கு உதவாது. சட்டப்படி 1.6 மில்லிமீற்றர் இருந்தாலே போதும் என்றாலும், அந்த ஆழத்தில் பனி உள்ளே போய் நிற்க இடமே இருக்காது. மாணவர் கொண்டுவந்த டயரில் மூக்கு முழுக்கப் பள்ளத்துக்குள் மறைந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

அடுத்து அண்ணை டயரைப் புரட்டி, பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னே வரும் கடைசி நான்கு இலக்கத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். 3814. 2014ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் செய்தது. பத்தாண்டுக்கு மேல் கிடந்து காய்ந்த றப்பர். கடினமானியில் 70 வந்தது, கோடை டயரைவிடக் கெட்டி. கட்டைகளின் அடியில் நகக்கீறல் அளவுக்கு வெடிப்புகள்.

"தம்பி, இது ஓடித் தேயேல்லை. கிடந்து பழுதாப் போச்சு."

முன்னால் இரண்டு மட்டும் போடலாமா என்பதற்கு அவர் இன்னும் கண்டிப்பாகப் பதில் சொன்னார். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்னால் மட்டும் நல்ல டயர் போட்டால், கிளம்பும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். வளைவில் பிரேக் பிடிக்கும்போது முன்பகுதி நின்றுவிடும், பிடிப்பில்லாத பின்பகுதி நிற்காமல் பக்கவாட்டில் வீசும், கார் சுழலும். ஒருமுறை சுழலத் தொடங்கிய காரை ஐஸில் மீட்பது தேர்ந்த ஓட்டுநருக்கே கடினம். கியூபெக் சட்டமும் நான்கு சக்கரத்துக்கும் என்றுதான் சொல்கிறது.

மாணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். புது டயர் நான்கு என்றால் அவருக்கு ஒரு மாதச் சாப்பாடு, வாடகையின் ஒரு பங்கு. அண்ணை உள்ளே போய், பெரிய பெயர் இல்லாத, ஆனால் சின்னமும் புதுத் தேதியும் உள்ள நான்கு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். இருக்கிற ரிம்மிலேயே மாட்டலாம், பாதிப் பணம் இப்போது, மிச்சம் வசந்தத்தில். கம்பனிப் பெயரில் விட்டுக்கொடுக்கலாம், எண்ணிக்கையிலும் வயதிலும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது அவருடைய கணக்கு. குறைந்த காசோடு டயர் வாங்குகிற எவருக்கும் இதைவிட நேர்மையான அறிவுரை இருக்க முடியாது.

நவம்பர் 17

வானிலை அறிவிப்பில் முதல் பனி. வாசலில் தெருமுனைவரை கார் வரிசை. இரவு பத்துக்கும் எயர் கன் சத்தம் நிற்கவில்லை.

நட்டுகளை எயர் கன்னால் இறுக்கிவிட்டு அப்படியே அனுப்பும் பழக்கம் இங்கே இல்லை. ஒவ்வொன்றையும் டோர்க் ரெஞ்ச் வைத்துக் கையால் சரிபார்க்கிறார்கள். நூறு கிலோமீற்றருக்குள் திரும்ப வந்து இறுக்கச் சொல்லி ரசீதில் முத்திரை குத்துகிறார்கள். காற்றழுத்தமும் அப்படி. வெப்பநிலை பத்துப் பாகை இறங்கினால் டயரில் இரண்டு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று குறையும். சூடான கராஜுக்குள் அடித்த காற்று, மைனஸ் இருபதில் வெளியே நிற்கும்போது காணாது.

நவம்பர் 23

பெரிய எஸ்யூவியில் ஒரு தம்பதி. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, எதற்குக் குளிர்கால டயர் என்று கணவர் கேட்டார். மனைவிதான் பதில் சொன்னார்: "வெளிக்கிடுறதுக்கு நாலு சில்லும் இழுக்கும். நிப்பாட்டுறதுக்கு எல்லாக் காரும் நாலு சில்லாலைதானே நிக்குது!" இரண்டு தொன் எடையுள்ள வண்டி பனியில் சுலபமாக வேகம் எடுத்துவிடும். அந்த வேகத்தைக் கரைக்க, டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உள்ளங்கை அகல றப்பரைத் தவிர வேறெதுவும் இல்லை.

டிசம்பர் 1

இன்று முதல் மார்ச் 15 வரை கியூபெக்கில் பதிந்த ஒவ்வொரு காருக்கும் குளிர்கால டயர் கட்டாயம். வாடகைக் காருக்கும் டாக்சிக்கும்கூட. மீறினால் 200 முதல் 300 டொலர் அபராதம்.

கனடாவில் மாகாணம் முழுவதற்கும் இப்படிச் சட்டம் கொண்டுவந்தது கியூபெக் மட்டும்தான். 2007இல் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ஜூலி புலே முன்வைத்த காரணம் எளிமையானது. ஓட்டுநர்களில் பத்தில் ஒன்பது பேர் ஏற்கெனவே குளிர்கால டயர் போடுகிறார்கள். போடாத பத்து சதவீதத்தினர் குளிர்கால விபத்துகளில் 38 சதவீதத்தில் சம்பந்தப்படுகிறார்கள். 2008 குளிர்காலத்திலிருந்து சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டு கழித்து வந்த மதிப்பீடு, குளிர்கால விபத்துகளில் காயமடைந்தோர் தொகை சுமார் ஐந்து சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. 2014 டிசம்பரிலிருந்து மலைச் சின்னம் உள்ள டயரோ ஆணி டயரோதான் சட்டப்படி செல்லும் என்று இறுக்கினார்கள். தொடக்க நாளை டிசம்பர் 15இலிருந்து 1க்கு முன்னே நகர்த்தியது 2019இல்.

ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரியிலிருந்து குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கம்பனிகள் கட்டணத்தில் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒக்டோபர் முதல் மலைப்பாதைகளில் கட்டாயம். ஆனால் அங்கே எம் பிளஸ் எஸ் எழுத்து உள்ள டயரே போதும். சேறும் பனியும் என்று பொருள்தரும் அந்த எழுத்துக்கு எந்த ஓட்டச் சோதனையும் கிடையாது. வரிப்பள்ளங்களின் அமைப்பை வைத்து உற்பத்தியாளரே போட்டுக்கொள்வது.

மத்தியானம் ஒன்ராறியோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்திறங்கினார். 401 நெடுஞ்சாலையில் ஐந்தரை மணி நேர ஓட்டம், காரில் ஆல் சீசன் டயர். வெளிமாகாணக் காரைக் கியூபெக் சட்டம் கட்டுப்படுத்தாது என்பது அவருக்குத் தெரியும். ஐஸுக்கு மாகாண எல்லை இல்லையே என்று அண்ணை சொல்லவில்லை. கடினமானியை மட்டும் அவர் கையில் கொடுத்தார். மைனஸ் எட்டில் நின்ற தன் டயரில் அவரே அழுத்திப் பார்த்துவிட்டு, நெடுநேரம் விலை விசாரித்தார். ஆண்டு முழுக்க ஒரே டயர் வேண்டுமென்பவருக்கு, மலைச் சின்னம் பெற்ற 'ஆல் வெதர்' வகை இருக்கிறது. 2015இல் வந்த மிஷலின் குரோஸ்கிளைமேட் அப்படி ஒன்று. ஆல் சீசனைவிடப் பனியில் எவ்வளவோ மேல், ஐஸில் தனிக் குளிர்கால டயருக்கு ஈடாகாது. ஸ்காபரோவின் உப்பிட்ட சாலைகளில் ஓடும் அவருக்கு அது பொருந்தும், லாவால் பாலத்தைக் கடக்கும் பணியாளருக்குப் பொருந்தாது.

டிசம்பர் 5

கராஜ் வானொலியில் 2016ஆம் ஆண்டின் இதே நாளை நினைவுபடுத்தினார்கள். நகர மையத்தில் பீவர் ஹோல் என்ற சரிவான தெரு. அன்று காலை மெல்லிய பனியின் அடியில் வழுவழுத்த ஐஸ். ஒரு பஸ் மெதுவாகச் சறுக்கிக்கொண்டு கீழே வந்து நின்ற வாகனங்களில் மோதியது. இன்னொரு பஸ் வந்தது, பிக்கப் வண்டி வந்தது, பொலிஸ் கார் வந்தது. கடைசியில் பனி அள்ளும் வண்டியே சறுக்கி வந்து பொலிஸ் காரை இடித்தது. மேல்மாடி ஜன்னலிலிருந்து எடுத்த காணொளியை உலகமே பார்த்தது. பெரிய காயங்கள் யாருக்கும் இல்லை.

அந்தக் காணொளியில் எந்த வாகனமும் வேகமாக வரவில்லை. நடந்துபோகிறவரின் வேகத்தில்தான் எல்லாம் வந்து மோதின. சரிவில் ஐஸ் கிடந்தால் மெதுவாக ஓட்டுவது மட்டும் போதாது, டயருக்குப் பிடிப்பு வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய பாடம் இந்த நகரத்தில் இல்லை.

ஜனவரி 11

உறைமழை. நகரமே கண்ணாடி பூசிக்கொண்டு நிற்கிறது. இங்கே வயதானவர்கள் உறைமழை என்றாலே 1998 ஜனவரியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். நாள்கணக்கில் பெய்த உறைமழையில் மின்கோபுரங்கள் சரிந்து, பல லட்சம் பேர் இருளில் கிடந்த காலம் அது.

மைனஸ் இருபதை எல்லாரும் அஞ்சுகிறார்கள். ஓட்டுநர் அஞ்ச வேண்டியது பூச்சியத்தை. மிகக் குளிர்ந்த ஐஸ் காய்ந்தது, ஓரளவு பிடிப்புத் தரும். பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஐஸின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். டயர் அந்த நீரின் மேல்தான் மிதக்கிறது.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூட இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். காய்ந்த தாரில் உராய்வுக் குணகம் 0.8 என்றால் 12 மீற்றரில் கார் நிற்கும். இறுகிய பனியில் 0.25 என்றால் 39 மீற்றர். ஈர ஐஸில் 0.1 என்றால் 98 மீற்றர், உதைபந்தாட்டத் திடலின் நீளம். நல்ல டயர் அந்த 0.1ஐ 0.15 ஆக்கினால் 66 மீற்றர். வேகத்தை 50இலிருந்து 40க்குக் குறைத்தால் பழைய டயரிலேயே 63 மீற்றர். இரண்டையும் சேர்த்தால் 42. எண்ணில் பார்க்கும்போதுதான் இது உறைக்கிறது. டயர் மிச்சப்படுத்தும் தூரமும் வலது கால் மிச்சப்படுத்தும் தூரமும் ஏறத்தாழச் சமம். ஒன்றை வாங்கியவர் மற்றதைச் செலவழித்துவிடக்கூடாது.

முதியோர் இல்லப் பணியாளர் மாலையில் தொலைபேசியில் பேசினார். காலையில் பாலத்தின் முடிவில், சிவப்பு விளக்கில், முன்னால் நின்ற வண்டிக்கு ஒரு கார் நீளம் விட்டு நின்றதாம். பிரேக் மிதி காலுக்கடியில் கடகடவென்று துடித்ததாம், அது பழுதா என்று கேட்கத்தான் அழைத்தார். பழுதில்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் துடிப்பு அது, காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று அண்ணை விளக்கினார்.

ஜனவரி 27

மைனஸ் 24. வால்-டோர் சுரங்கமொன்றில் வேலை கிடைத்துப் போகும் ஒருவர் ஆணி டயர் கேட்டார். கியூபெக்கில் ஒக்டோபர் 15 முதல் மே 1 வரை அதற்கு அனுமதி உண்டு. வடக்கே நாள்கணக்கில் உப்பு வேலை செய்யாத குளிரில், லொறிகள் தேய்த்துப் பளபளக்க வைத்த ஐஸில் ஓடுகிறவருக்கு டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட ஆணிதான் சரி. அண்ணை உடனே வரவழைத்துக் கொடுத்தார்.

நகரத்தில் ஓடுகிறவருக்கு அவர் அதைச் சிபாரிசு செய்வதில்லை. வெறும் தாரில் ஆணி சாலையைச் சுரண்டும், தூசு கிளம்பும். ஜப்பானின் செண்டாய் நகரம் 1980களில் அந்தத் தூசில் மூச்சுத் திணறியது. 1990இல் அந்நாடு ஆணி டயருக்கு எதிராகச் சட்டமே இயற்றியது. அந்த நெருக்கடியில்தான் ஆணியில்லாமல் ஐஸைப் பிடிக்கும் றப்பர் வளர்ந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் 1988இல் வெளியிட்ட பிளிசாக் டயரின் றப்பர் நுண்துளைகள் நிறைந்தது, ஐஸின் மேலுள்ள நீர்ப்படலத்தை அத்துளைகள் உறிஞ்சிக்கொள்ளும். டோயோ கம்பனி வால்நட் ஓட்டின் துகள்களை றப்பரில் கலக்கிறது. ஸ்டொக்ஹோம் நகரம் ஹோர்ன்ஸ்காத்தன் தெருவில் 2010 முதல் ஆணி டயரைத் தடை செய்திருக்கிறது. இன்று மொன்றியல்வாசி ஆணியில்லாமல் பாலத்தைக் கடக்க முடிவதற்கு, செண்டாய் மக்கள் சுவாசித்த தூசும் ஒரு காரணம்.

இந்த டயர்களுக்கெல்லாம் மூத்தது பின்லாந்தில் பிறந்தது. நோக்கியா ஊரின் றப்பர் ஆலை 1934இல் லொறிக்கும், இரண்டு ஆண்டு கழித்துக் காருக்கும் பனி டயர் செய்தது. அந்தக் கார் டயரின் வழிவந்த ஹக்கபெலித்தா என்ற பெயர் இன்றும் கடை அடுக்கில் இருக்கிறது.

பெப்ரவரி 19

மொன்றியலின் தென்கரையில், லா பிரேரியில், 15ஆம் நெடுஞ்சாலையில் 2020ஆம் ஆண்டு இதே நாள் நண்பகல் சுமார் 200 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. இருவர் உயிரிழந்தார்கள். வெட்டவெளியிலிருந்து காற்று வாரி வீசிய பனியில் முன்னால் எதுவும் தெரியவில்லை. கியூபெக் கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயமாக இருந்த காலம்தான் அது. கண்ணுக்குத் தெரியாததன் முன்னே எந்த றப்பராலும் காரை நிறுத்த முடியாது. அப்படி வெண்திரை இறங்கும் என்று அறிவிப்பு வருகிற நாளில், முடிந்தவர்கள் வீட்டில் நிற்பதும், வேலை கொடுப்பவர்கள் அதற்கு இடம் கொடுப்பதும் டயரைப் போலவே பாதுகாப்பைச் சேர்ந்த விஷயம்.

மார்ச் 15

சட்டத்தின் கடைசி நாள். காலையிலேயே டயர் கழற்ற மூன்று பேர் வந்தார்கள். அண்ணை மூவரையும் திருப்பி அனுப்பினார், கூலியை இழந்து. இரவில் இன்னும் மைனஸ் ஆறு, மைனஸ் ஏழு. பகலில் உருகி ஓடும் நீர் இரவில் சாலையில் உறைகிறது. ஏப்ரலிலும் இங்கே பனி விழுந்திருக்கிறது.

ஏப்ரல் 21

காலை வெப்பநிலை தொடர்ந்து ஏழுக்கு மேல். இப்போது கழற்றுவதும் அதே அளவுக்கு அவசியம். இளகின றப்பர் சூடான தாரில் வேகமாகத் தேயும், கோடையில் பிரேக் தூரமும் கூடும்.

பணியாளரின் கொரோலாவில் முன் டயர்களில் ஏழு மில்லிமீற்றரும் பின் டயர்களில் ஏழரையும் மிச்சம். எந்தச் சக்கரம் எங்கே இருந்தது என்று அண்ணை மஞ்சள் சோக்கால் ஒவ்வொன்றின் பக்கச்சுவரிலும் எழுதினார், அடுத்த பருவத்தில் முன்பின்னாக மாற்றிப் போட. உப்பைக் கழுவி, உலரவிட்டு, கறுப்புப் பைகளில் கட்டினார்கள். ரிம்மோடு இருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கையில். ரிம் இல்லாதவை நிமிர்த்தி, நிழலில்.

மாணவர் மிச்சப் பணத்தோடு வந்தார். வேலைக்கு இன்னொரு கார் பார்த்திருக்கிறாராம், கொஞ்சம் பெரியது, இதே டயர் அதற்கு வருமா என்று கேட்டார். அண்ணை அந்தக் காரின் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள டயர் அளவையும் பாரக் குறியீட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். "வாங்கமுதல் அனுப்புங்கோ தம்பி. வராட்டி, இந்த நாலையும் செப்டெம்பரிலை நான் வித்துத் தாறன். ஒக்டோபரிலை அவசரப்பட்டு வித்தால் நல்ல விலை கிடையாது."

மாணவர் தலையாட்டிவிட்டு, அண்ணையின் கடினமானியைக் கேட்டு வாங்கி, தன்னுடைய நான்கு டயரிலும் வரிசையாக அழுத்தி எண்களைக் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டார்.